கள்ளப்படி காட்டும் கவுன்ட்டர்

படத்தில் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. சாத்திய சத்தம் கேட்டுவிட்டது.

சாலிகிராமத்தில் ஓர் ஒலிக்கூடம். மறுநாள் காலை மிக்ஸிங். “அண்ணே, டைம்கோடு கரெக்டாத்தானே இருக்கு” என்கிறார் உதவியாளர். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. எடிட்டர் அனுப்பிய குறிப்பில் கதவுக்கு 01:14:22:09. ஒலித்தொகுப்பு மென்பொருளின் கவுன்ட்டரிலும் கொட்டை எழுத்தில் 01:14:22:09. ஆனால் படத்தின் அடியோரத்தில் எடிட்டர் பதித்துக் கொடுத்திருந்த எண் மட்டும் 01:14:22:08 என்றது. ரீலின் தொடக்கத்தில் ஒத்திசைவுக்காக வைக்கும் டூ-பாப் ஒலித்தபோது இரண்டு எண்ணும் ஒத்துத்தான் போயிருந்தன. பதினான்காவது நிமிடத்தில் ஒரு ஃபிரேம் பிசகு. பதினெட்டாவது நிமிடத்தில் பார்த்தால் மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. “நம்பர் கரெக்டு தம்பி, கதவு கரெக்டா இல்லையே” என்றார் மூத்த பொறியாளர். அன்றிரவு மூன்று மணிவரை அந்த ரீலின் ஒவ்வொரு எஃபெக்டையும் கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்தி வைத்தார்கள். எந்த வேலைக்காக மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார்களோ, அந்த வேலையை.

அந்த மென்பொருளின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். காசுக்கு விற்பவை, இலவசமாகக் கிடைப்பவை, கைபேசியில் ஓடுபவை என நாம் கையாண்ட பலவற்றிலும் இந்த நோய் கூடியோ குறைந்தோ இருக்கிறது. தனக்கு உறுதியாகத் தெரியாத எண்ணை, தெரிந்ததுபோல், ஃபிரேம் வரை எட்டு இலக்கத்தில் காட்டுவதே அந்த நோய். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நெல் அளக்கும் படியின் அடியை உள்ளே தூக்கித் தட்டி வைத்திருப்பவன் ஊருக்கு ஒருவன் இருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் முழுப்படி. கொட்டினால்தான் குறை தெரியும். கள்ளப்படி என்றார்கள் அதை. இன்று காய்கறிக் கடைத் தராசுக்குக்கூடச் சட்டம் உண்டு. தொழிலாளர் துறையினர் வந்து முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அரைக் கிலோ தக்காளிக்கு இருக்கும் இந்தக் காவல், ஒரு முழுப்படத்தின் ஒலியை அளந்து வைக்கும் எண்ணுக்கு இல்லை.

டைம்கோடு எதற்காக வந்தது என்பதை மறந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதைக் கடிகாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மணி, நிமிடம், விநாடி என்று கடிகாரத்தின் உடுப்பைப் போட்டிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது முகவரி. அமெரிக்கச் சலனப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ 1970களில் தரப்படுத்திய அந்த முறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி எண். நாடாவில் ஒலித்தடமாகப் பதியும்போது ஃபிரேமுக்கு 80 பிட் செலவிட்டு அந்த எண்ணை எழுதுகிறார்கள். இந்த ஃபிரேம் இதுதான், பக்கத்தில் இருப்பது வேறு என்று சொல்வதற்கே இத்தனை ஏற்பாடும். பதினெட்டாம் எண் வீட்டுக் கடிதத்தைப் பதினேழில் போட்டுவிட்டு, “ஏறக்குறைய அதே தெருதானே” என்று தபால்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

அதற்கும் முந்தைய காலத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 35 மில்லிமீட்டர் படச்சுருளும், அதே அகலத்தில் அதே துளைகளோடு வந்த காந்தப்பூச்சு ஒலிச்சுருளும் ஒன்றாகப் பூட்டிய பற்சக்கரங்களில் ஓடின. ஃபிரேமுக்கு நான்கு துளை, அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி. கவுன்ட்டர் அடியும் ஃபிரேமும் காட்டியது. அது காட்டிய எண் பொய்யாக வேண்டுமானால் பல் உடைய வேண்டும், அல்லது சுருள் கிழிய வேண்டும். இரண்டுமே காதில் விழுந்துவிடும். ஒரு துளை நகர்த்தினால் விநாடியில் 96இல் ஒரு பங்கு நகரும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அந்த இயந்திரத்தில் கால் ஃபிரேம் நாணயம் இருந்தது. இன்றைய மென்பொருளில் ஒரு ஃபிரேம் நாணயத்துக்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஒரு மொழியில் அசைந்த வாய்க்கு இன்னொரு மொழியைப் பொருத்தும் வேலையில் இந்த ஊருக்கு எண்பதாண்டுப் பழக்கம் உண்டு. ஏவி. மெய்யப்பன் கன்னடத்தில் எடுத்த படத்தை 1944இல் தமிழுக்கு மாற்றினார்; இந்தியாவில் டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் படத்தின் கதாநாயகன் யார் என்றால், அரிச்சந்திரன். இப்போது அதே தொழிலில் கவுன்ட்டர் பொய் சொல்கிறது.

சரி, பொய் எங்கே நுழைகிறது? முதல் ஓட்டை ஃபிரேம் வேகத்தின் பெயரிலேயே இருக்கிறது. நம் சினிமா 24. நம் தொலைக்காட்சி 25. இரண்டும் முழு எண்கள், வம்பில்லை. 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, வண்ணச் சைகையும் ஒலிச் சைகையும் மோதித் திரையில் கோடு விழாமலிருக்க, விநாடிக்கு 30 என்பதை ஆயிரத்தொன்றில் ஆயிரம் பங்காகக் குறைத்தார்கள். அந்தப் பழைய கணக்கின் மிச்சம்தான் 29.97உம் 23.976உம். நம் மண்ணில் பிறந்த சிக்கல் இல்லைதான். ஆனால் வெளிநாட்டுத் தளங்களுக்குப் படம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த எண்கள் கோடம்பாக்கத்துக்கும் குடிவந்துவிட்டன.

23.976 என்பது செல்லப்பெயர். உண்மைப் பெயர் 24000ஐ 1001ஆல் வகுத்தது. மெனுவில் இடம் போதவில்லை என்று 23.98 என எழுதுகிறார்கள், எழுதிக்கொள்ளட்டும். கணக்குப் போடும்போதும் அதே 23.98ஐ எடுத்துப் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் 14 ஃபிரேம் தள்ளிப்போகும். அரை விநாடிக்கும் மேல். கதாநாயகி “வேண்டாம்” என்று சொல்லி முடித்தபிறகு வாய் திறப்பாள். இதைவிடக் கொடுமை, 23.976 படத்தை 24 என்று எண்ணிக்கொண்டு ஒரு வார்த்தைகூட எச்சரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மென்பொருள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 42 விநாடி ஓடினால் ஒரு ஃபிரேம் பிசகும். இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் ஒன்பது விநாடி. கோப்பின் தலைப்பகுதியிலேயே அதன் வேகம் எழுதியிருக்கிறது. படித்துப் பார்க்க என்ன தடை?

டிராப்-ஃபிரேம் என்றொரு ஏற்பாடு உண்டு. அதன் பெயராலேயே பாதிப்பேர் குழம்புகிறார்கள். படத்திலிருந்து ஒரு ஃபிரேமும் விழுவதில்லை. விநாடிக்கு 29.97 ஃபிரேம் ஓடும்போது 30, 30ஆக எண்ணிக்கொண்டே போனால் எண், சுவர்க் கடிகாரத்தைவிட மணிக்கு 3.6 விநாடி பின்தங்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டுகிறார்கள்; பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. மணிக்கு 108 எண்கள். ஆகவே 00:00:59;29க்கு அடுத்த ஃபிரேம் 00:01:00;02. விநாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டால் டிராப், அரைப்புள்ளி இல்லாமல் இரட்டைப்புள்ளி போட்டால் அது இல்லை என்பது தொழில் வழக்கு. இந்த ஒற்றைப் புள்ளியின் வேறுபாட்டைக்கூடக் காட்டாமல் இரண்டுக்கும் ஒரே இரட்டைப்புள்ளியைப் போட்டுக்காட்டும் மென்பொருளை என்ன சொல்வது? ஊதியச் சீட்டில் கழித்தலுக்கும் கூட்டலுக்கும் ஒரே குறி போடுவது போலிருக்கிறது.

அடுத்தது மகா சோம்பேறித்தனம். ஒலிக்கோப்பில் எல்லாம் எண்ணி வைக்கப்பட்ட சாம்பிள்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 24 ஃபிரேம் வேகத்துக்கு ஃபிரேமுக்குச் சரியாக 2000 சாம்பிள், 25க்கு 1920, 23.976க்கு 2002. 29.97க்கு மட்டும் 1601.6, அங்கேயும் ஐந்து ஃபிரேமுக்கு 8008 என்று முழு எண்ணில் முடிந்துவிடுகிறது. முழு எண்களை முழு எண்களால் வகுத்தால் எந்தச் சந்தேகமும் வராது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நிரல் எழுதியவர்கள் சாம்பிளை முதலில் தசம விநாடியாக்கி, அந்த விநாடியை ஃபிரேம் வேகத்தால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டியெறிகிறார்கள். கணினி தசமத்தை இருமக் கணக்கில் வைத்திருக்கிறது. அதில் பல பின்னங்கள் துல்லியமாக நிற்கா. 0.29ஐ நூறால் பெருக்கச் சொன்னால் 29க்குப் பதில் 28.999999999999996 என்று விடை வரும். பின்னத்தை வெட்டினால் 28. நம் சாலிகிராமத்துக் கதவு சிக்கியதும் இந்த ரகப் பள்ளத்தில்தான் என்று தோன்றுகிறது: ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் ஒரு ஃபிரேம் பிசகு, மறுபடி சரி.

அந்தக் கணக்கையும் குறைந்த துல்லியத்தில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். 32 பிட் தசம எண்ணால் 1,67,77,216 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் சொல்ல முடியும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஐந்து நிமிடம் 49 விநாடி. ஒரு பாட்டு முடிந்து அடுத்த காட்சி தொடங்குவதற்குள் துல்லியம் கைவிட்டுப் போயிற்று. விநாடியாக வைத்திருந்தாலும் அதே கதை: டைம்கோடு பத்து மணியிலிருந்து தொடங்கும் நிகழ்ச்சிகளில் அந்த எண்ணின் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 3.9 மில்லிவிநாடி. அதாவது படத்தின் நீளம் மூன்று நிமிடமே ஆனாலும், தொடங்கும் எண் பெரிதாக இருப்பதாலேயே கவுன்ட்டர் தடுமாறும். கைபேசியிலேயே 64 பிட் கணிப்பொறி ஓடும் காலத்தில் இந்தச் சிக்கனம் யாருக்காக?

தவறு எப்போதும் இரண்டு ஃபிரேம் என்றால் அதோடு வாழ்ந்துவிடலாம். பழைய மிடி டைம்கோடு அப்படித்தான்: முழு முகவரியையும் எட்டுத் துண்டாக அனுப்பி முடிப்பதற்குள் இரண்டு ஃபிரேம் ஓடிவிடும், வாங்குகிற கருவி இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தெரிந்த தாமதம், கூட்டினால் தீர்ந்தது. ஐந்து நிமிடம் தாமதமாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை வீட்டில் எல்லோரும் மனக்கணக்கில் திருத்திப் படிப்பதுபோல. ஆனால் நாம் சொல்லும் தவறு இடத்துக்கு இடம் வரும், போகும். அதை எந்த ஆஃப்செட்டாலும் திருத்த முடியாது. முதல் டூ-பாப்பைப் பார்த்து நிம்மதியாகி வேலையைத் தொடங்குகிறவரைத்தான் அது கவிழ்க்கிறது.

களத்தில் பதிவான ஒலிக்கு வருவோம். சிங்க் சவுண்டில் பதிவுக்கருவி எழுதும் பிராட்காஸ்ட் வேவ் கோப்பில், தொடக்க நேரம் மணி நிமிடக் கணக்கில் எழுதப்படுவதில்லை. நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் என்ற ஒற்றை எண்ணாக இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதை டைம்கோடாக மொழிபெயர்க்க, பதிவின்போது இருந்த ஃபிரேம் வேகம் தெரிய வேண்டும். 24இல் காலை 10:00:00:00க்குப் பதிவு செய்த கோப்பை 23.976இல் திறந்த செஷனில் போட்டுப் பாருங்கள்: 09:59:24:00 என்று காட்டும். 36 விநாடி முன்னால். கிளாப் அடித்தவர் அப்போது நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். மென்பொருளின் கணக்கு அந்த இடத்தில் பிழையற்றதுதான். ஆனால் கோப்போடு வந்த பிற குறிப்புகளில் பதிவுவேகம் எழுதியிருந்தும் அதைப் படித்துப் பார்க்காமல், “இரண்டு வேகமும் ஒத்துவரவில்லை, எதை நம்பட்டும்?” என்று கேட்காமல், தன்பாட்டுக்கு ஒரு எண்ணைத் தூக்கிக் காட்டுவது பிழை. கேட்கத் தெரியாத கணக்குப்பிள்ளை எந்தக் கடைக்கும் ஆகாது.

இதுவரை சொன்னது எண்ணின் பொய். படத்தின் பொய் வேறு. கவுன்ட்டர் சரியான எண்ணைச் சொல்லும். ஆனால் மேலே ஓடும் படம் அந்த எண்ணுக்குரியதாக இருக்காது. இன்று எடிட்டிங் அறையிலிருந்து வரும் கோப்புகளில் பெரும்பாலானவை எச்.264. அதில் முழுப்படமாக இருப்பவை சில ஃபிரேம்களே. நடுவில் உள்ளவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து கட்டியெழுப்பப்படுகின்றன. நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால் மென்பொருள் பொறுமையாகக் கட்டியெழுப்ப வேண்டும். அவசரக்காரர்கள் அருகில் கிடைத்த முழுப்படத்தைக் காட்டிவிட்டுக் கவுன்ட்டரில் மட்டும் நாம் கேட்ட எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். கைபேசியில் எடுத்த காட்சியாக இருந்தால் இன்னொரு கூத்து. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி அதன் ஃபிரேம் வேகமே ஏறி இறங்குகிறது. வேகம் நிலையில்லாத படத்துக்கு விநாடிக்கு 30 என்று பொத்தாம்பொதுவாக ஒரு எண்ணை ஒட்டிவைத்து, அதன் மீது ஃபிரேம் கவுன்ட்டரையும் ஓடவிடுவதில் என்ன நேர்மை இருக்கிறது?

வழிகாட்டி ஒலியும் ஏமாற்றும். ஆப்பிளின் ஏஏசி குறியாக்கி கோப்பின் தொடக்கத்தில் 2112 சாம்பிள் வெற்றிடம் சேர்க்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 44 மில்லிவிநாடி, 24 வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல். இத்தனையைக் கழித்துக்கொள் என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை மதிக்காத மென்பொருளில் எடிட்டரின் வழிகாட்டி ஒலியும் படமும் பிறக்கும்போதே ஒன்றரைக் கண்ணாகப் பிறக்கின்றன. டப்பிங் கலைஞர் அந்த வழிகாட்டி ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டு பேசுகிறார். பேசி முடித்தபின் பழி யார்மீது விழுகிறது என்று இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “லிப் ஒட்டலம்மா, இன்னொரு டேக் போகலாம்” என்கிறார்கள். ஆறாவது டேக்கில் அந்த அம்மாவின் குரல் கட்டிவிடுகிறது. ஒட்டாதது அவர் உதடா, உங்கள் கோப்பா?

“ஒரு ஃபிரேம்தானே ஐயா, யார் காதில் விழப்போகிறது?” என்பார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பிடி.1359 பரிந்துரையைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. ஒலி, படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோதான் பார்ப்பவர் கண்டுகொள்வார் என்கிறது அது. 24 வேகத்தில் ஒரு ஃபிரேம் 41.7, எல்லைக்குள்தானே என்பது வாதம். முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஏரியின் மறுகரையில் மரம் வெட்டுகிறவனின் கோடரி முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். பிந்தி வரும் ஒலிக்கு நம் மூளை பழகியிருக்கிறது. வெட்டு விழுவதற்கு முன் சத்தம் வந்ததை எந்த உயிரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் எல்லை இவ்வளவு குறுகல். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஒலிபரப்புச் சங்கிலி முழுவதற்குமே முந்துவதற்கு 40, பிந்துவதற்கு 60 என்றுதான் இடம் தருகிறது.

சங்கிலி முழுவதற்கும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த 40 மில்லிவிநாடியை மென்பொருள் ஒன்றே தின்றுவிட்டால் மற்றவர்களுக்கு என்ன மிச்சம்? ஒலி ஒரு ஃபிரேம் நேரத்தில் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். பெரிய தியேட்டரின் கடைசி வரிசைக்குக் கூடத்தின் நீளமே இரண்டு ஃபிரேம் தாமதம் வைக்கிறது. “அங்கே இரண்டு போகிறதே, இங்கே ஒன்று போனால் என்ன” என்பது ஏற்கெனவே கடனில் இருப்பவனிடம் போய் இன்னொரு கைமாற்று கேட்பது. அதோடு இந்தப் பிசகுகள் ஒரே பக்கம் சாய்வதும் இல்லை. ஃபோலே செய்தவரின் மென்பொருள் காலடியை ஒரு ஃபிரேம் முன்னால் வைக்கும். எஃபெக்ட்ஸ் செய்தவருடையது அதே காலடியின் சரளைக்கல் சத்தத்தை ஒரு ஃபிரேம் பின்னால் வைக்கும். மிக்ஸிங்கில் சேரும்போது 83 மில்லிவிநாடி இடைவெளி. ஒற்றைக் காலடி இரட்டைக் காலடியாகிவிடும், நாயகன் நொண்டுவான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கூடத்திலும் கவுன்ட்டர் சரி.

மென்பொருள் தயாரிப்பாளர்களை மட்டும் திட்டிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மறைப்பது முறையல்ல. படம் அனுப்பும்போது டைம்கோடு பதிக்காமல், டூ-பாப் வைக்காமல், கைபேசிச் செயலியில் சுருங்கிப்போன கோப்பை அனுப்பிவைத்து “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்” என்று சொல்வது யார்? நாம்தான். 00:01:12.12 என்பதில் கடைசி இரண்டு இலக்கம் நூறில் பன்னிரண்டா, பன்னிரண்டாவது ஃபிரேமா என்று கேட்காமல் குறிப்பெழுதும் உதவி இயக்குநர்களும் நம்மவர்கள்தான். முதலாவது என்றால் 120 மில்லிவிநாடி. இரண்டாவது என்றால் 24 வேகத்தில் அரை விநாடி. ஒலிப்பொறியியல் கற்றுத்தருவதாக லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் சிலவற்றில் மூன்றாம் பருவ மாணவருக்கு டிராப்-ஃபிரேம் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கவனக்குறைவாக இருக்கிறார் என்பது கள்ளப்படி வைத்திருக்க யாருக்கும் உரிமம் ஆகாது.

ஆகவே மென்பொருள் செய்வோரிடம் கேட்கிறோம். புதிய வசதி எதுவும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு வசனத்தைத் தூய்மையாக்கும் பொத்தான் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கட்டும். கவுன்ட்டரை முதலில் திருத்துங்கள். சாம்பிளிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் கணக்கை முழு எண்களில் போடுங்கள், 29.97 என்ற சொல் திரையில் இருக்கட்டும், நிரலுக்குள் 30000ம் 1001ம் இருக்கட்டும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் கர்சர் நிற்கும்போது கீழே உள்ள எண்ணைக் காட்டுகிறீர்களா, அருகில் உள்ளதையா என்பதைக் கையேட்டில் ஒரு வரியில் எழுதுங்கள். எதுவானாலும் எல்லாச் சாளரத்திலும் அதுவே இருக்கட்டும். மேலே பெரிய எழுத்தில் ஒரு எண், கீழே பட்டியலில் வேறொரு எண் என்ற அவலம் போதும். படத்தின் வேகமும் செஷனின் வேகமும் ஒத்துவராவிட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். வேகம் நிலையில்லாத படம் வந்தால் ஃபிரேம் எண் காட்ட மறுங்கள், அல்லது தோராயம் என்று எண்ணின் பக்கத்திலேயே ஒரு குறி போடுங்கள். “தெரியாது” என்று சொல்லும் கவுன்ட்டரை நாங்கள் மன்னிப்போம்.

திருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். பழைய செஷன்களில் ஒலித்துண்டுகள் இருக்கும் சாம்பிள் இடத்தை அசைக்காதீர்கள். எண் மட்டும் மாறட்டும். எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்று தேதியோடு வெளியிடுங்கள். “சிறு மேம்பாடுகள்” என்ற ஒற்றை வரிக்குள் இதைப் புதைத்துவிட்டால், பாதி வேலையைப் பழைய பதிப்பிலும் மீதியைப் புதிய பதிப்பிலும் செய்தவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

வாசகர்களும் ஒரு வேலை செய்யலாம். நிமிடத்துக்கு ஒரு வெள்ளை ஃபிரேம், அதே ஃபிரேமின் முதல் சாம்பிளில் ஒரு ‘டிக்’, அடியோரத்தில் பதித்த டைம்கோடு என்று ஒரு மணி நேரச் சோதனைப் படத்தை 24, 25, 23.976, 29.97 டிராப் என நான்கு வேகத்திலும் எடிட்டர் நண்பரிடம் செய்து வாங்குங்கள். தொடக்கம் 01:00:00:00இல் ஒரு முறை, 10:00:00:00இல் ஒரு முறை. ஒவ்வொரு வெள்ளை ஃபிரேமிலும் நிறுத்தி, பதித்த எண்ணையும் கவுன்ட்டரையும் ஒப்பிடுங்கள். டிராப்பில் ஒவ்வொரு நிமிட முனையையும் ஃபிரேம் ஃபிரேமாகத் தாண்டிப் பாருங்கள். ஓட விட்டு ஒரு முறை, தாவிப்போய் ஒரு முறை. பிசகு வந்த இடத்தைப் படமெடுத்து, மென்பொருளின் பதிப்பு எண்ணோடு செய்தவர்களுக்கு அனுப்பிவிட்டு, ஒரு படி நமக்கும் அனுப்புங்கள். பெயர்களை அப்போது வெளியிடுகிறோம்.

சாலிகிராமத்துக் கூடத்தில் இப்போது மானிட்டரின் மேல்மூலையில், கவுன்ட்டர் இருக்கும் இடத்தில், கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எடிட்டர் பதித்த எண்ணை மட்டும் பார்த்து வேலை நடக்கிறது.